ஊசி போட்டும் தட்டம்மை வருமா? ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினோரு மாதக் குழந்தை. ஒன்பதாம் மாதம் எம்.ஆர். ஊசி (தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் சேர்த்துப் போடுவது) போட்டாயிற்று. இப்போது அதே தெருவில், இரண்டு தவணை ஊசியும் போட்ட ஒரு பையனுக்குத் தட்டம்மை வந்திருக்கிறது. "அப்புறம் ஊசி எதுக்கு? ஒரு தடவை வந்து போனா ஆயுசுக்கும் வராது, அதுதான் அசல் பாதுகாப்பு" என்கிறார் மாமியார். கேட்பவருக்கும் சின்ன வயதில் அம்மை போட்டிருந்ததாம். அப்படியானால் தனக்கு ஊசி தேவையா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை மறுத்துப் பேசித்தான் தடுப்பூசிக்காரர்கள் வீணாக நம்பிக்கையை இழக்கிறார்கள்.

தட்டம்மை ஒருமுறை வந்து போனால் அநேகமாக ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு உண்டு. இதற்கான பழைய, அழகான சான்று வடக்கு அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபேரோ தீவுகளிலிருந்து வருகிறது. டென்மார்க்குக்குச் சொந்தமான அந்தத் தீவுகளுக்கு 1781-இல் தட்டம்மை வந்துபோனது. அதற்குப் பிறகு 65 ஆண்டுகள் அந்த நோய் எட்டிப் பார்க்கவே இல்லை. 1846-இல் கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஒரு தச்சரோடு மீண்டும் வந்தது. அப்போது மக்கள்தொகை 7,782. சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 6,000 பேர் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய மருத்துவர்களில் ஒருவர் பீட்டர் லுட்விக் பானும், 25 வயது. தீவு தீவாகப் படகில் போய், யாருக்கு எந்த நாளில் தடிப்பு வந்தது, அவர் யாரோடு பழகினார் என்று குறித்துக்கொண்டே வந்தார்.

அவர் கண்டவற்றில் நமக்கு வேண்டியது இது. 1781-இல் நோய் கண்டு பிழைத்த முதியவர்கள் பலர் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட 1846-இல் இரண்டாம் முறை வரவில்லை. வயதானவர்கள் என்பதால் தப்பினார்களோ என்று சந்தேகம் வரலாம். அதையும் பானும் பார்த்திருக்கிறார். 1781-இல் எப்படியோ தப்பித்த முதியவர்கள் நோயாளியோடு பழகியபோது 1846-இல் மாட்டிக்கொண்டார்கள். ஆக, காத்தது வயது கிடையாது, முந்தைய நோய்தான். நடுவில் 65 ஆண்டுகள் அந்தக் கிருமியே தீவில் இல்லை என்பதால், அவ்வப்போது கிருமியைச் சந்தித்து எதிர்ப்பாற்றலைப் புதுப்பித்துக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆன்டிபாடி (கிருமியை அடக்க உடம்பு தயாரிக்கும் புரதம்) என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தில் ஒரு இளைஞர் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தது இவ்வளவு.

சளிக்காய்ச்சலும் கொரோனாவும் திரும்பத் திரும்ப வரும்போது தட்டம்மை மட்டும் ஏன் இப்படி? இரண்டு காரணங்கள். முதலாவது, தட்டம்மை வைரஸால் வேஷம் மாற்ற முடிவதில்லை. அதன் மேற்பரப்பில் இருக்கும் புரதங்கள்தான் நம் செல்களைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய உதவுகின்றன. நம் ஆன்டிபாடிகள் குறிவைப்பதும் அவற்றையே. அந்தப் புரதங்களைப் பெரிதாக மாற்றிக்கொண்டால் வைரஸுக்கு உள்ளே நுழையும் வழியே போய்விடும். அதனால்தான் 1954-இல் பாஸ்டனில் ஜான் எண்டர்ஸும் தாமஸ் பீபிள்ஸும் டேவிட் எட்மன்ஸ்டன் என்ற பள்ளி மாணவனிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸின் வழிவந்த தடுப்பூசி, இன்றைக்குச் சுற்றும் வைரஸையும் அடக்குகிறது. நம் ஊர் சுகாதார நிலையத்தில் போடும் ஊசியில் இருப்பதும் அந்தப் பரம்பரைதான். எட்மன்ஸ்டன்-ஜாக்ரெப் என்று பெயர்.

இரண்டாவது, தட்டம்மை நிதானமான நோய். கிருமி உடம்புக்குள் போனதிலிருந்து தடிப்பு தெரிய ஏறக்குறைய 14 நாள் ஆகும் (இந்தக் கணக்கையும் முதலில் துல்லியமாகப் போட்டவர் பானும்தான்). முன்பே ஒருமுறை பார்த்த கிருமி என்றால் நினைவு செல்கள் விழித்து ஆன்டிபாடி தயாரிக்க ஒரு வாரத்துக்குள் நேரம் கிடைத்துவிடுகிறது. நோய் முற்றுவதற்குள் வேலை முடிந்துவிடும். இரண்டே நாளில் இருமலைக் கொண்டுவரும் கிருமிகளிடம் இந்த அவகாசம் கிடைப்பதில்லை.

இந்த இரண்டு காரணங்களும் ஊசிக்கும் அப்படியே பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். தட்டம்மை ஊசி செத்த கிருமி கிடையாது. உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்த வைரஸ். அது உடம்பில் கொஞ்சம் பெருகி, நோயைப் போலவே நினைவை உண்டாக்குகிறது. 1963-இல் அமெரிக்காவில் செத்த வைரஸைக் கொண்டு ஒரு ஊசியும் வந்தது. அதன் பாதுகாப்பு சீக்கிரமே தேய்ந்துபோனது. அதைப் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குப் பிறகு நிஜமான தட்டம்மை தொற்றியபோது, வழக்கத்துக்கு மாறான, கடுமையான காய்ச்சலும் நிமோனியாவும் வந்தன. 1967-இல் அதைக் கைவிட்டார்கள். இன்று எங்கும் அந்த ஊசி இல்லை. ஆனால் "ஊசி போட்டவனுக்குத்தான் மோசமாக வரும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைக்கு விதை எங்கே என்று தேடினால் இங்கேதான் போய் நிற்கும்.

சரி, எண்களுக்கு வருவோம். ஒரு வயதுக்கு மேல் ஒரு தவணை போட்டால் நூறில் ஏறக்குறைய 93 பேருக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. இரண்டு தவணைக்கு 97. ஒன்பதாம் மாதமே போட்டால் முதல் தவணையில் 85 பேருக்குத்தான் பிடிக்கும். உங்கள் குழந்தை இப்போது இருக்கும் நிலை இந்த 85-தான்.

ஒன்பதாம் மாதம் ஏன் குறைகிறது? கர்ப்பத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு வந்த ஆன்டிபாடிகள் மிச்சமிருந்தால், ஊசியில் வரும் வைரஸை அவை பெருகுவதற்கு முன்பே அழித்துவிடும். நினைவு உண்டாகாது. போதாததற்கு, குழந்தையின் எதிர்ப்பு மண்டலமும் அந்த வயதில் இன்னும் பக்குவப்படவில்லை. அப்படியானால் எல்லாருக்கும் ஒரு வயதுக்கு மேலேயே போடலாமே என்று கேட்கலாம். நோய் அரிதான நாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். நோய் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் அந்த மூன்று மாதக் காத்திருப்புக்குள் குழந்தைகள் பலியாகிவிடுவார்கள். அதனால் இந்தியாவில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. தனியார் குழந்தை மருத்துவர்களிடம் போனால் 9, 15 மாதங்களிலும், 4 முதல் 6 வயதுக்குள் மூன்றாவதாகவும் எம்.எம்.ஆர். (எம்.ஆரோடு பொன்னுக்குவீங்கிக்கும் சேர்த்த ஊசி) போடுவார்கள். இலங்கையில் 9 மாதத்திலும் 3 வயதிலும்.

இங்கே பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. என் பதிலின் மையமே இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தவணையைப் "பூஸ்டர்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். முதல் ஊசியின் வேகம் குறைந்துவிட்டது, அதைக் கூட்டுகிறோம் என்ற எண்ணம். டெட்டனஸ் ஊசிக்கு அது சரி. தட்டம்மைக்கு அப்படி நடப்பதில்லை. முதல் ஊசி பிடித்தவருக்குப் பெரும்பாலும் அதுவே பல்லாண்டுக்குப் போதும். பிடிக்காதவருக்குச் சுத்தமாகப் பாதுகாப்பு இல்லை. யாருக்குப் பிடித்தது, யாருக்குப் பிடிக்கவில்லை என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காய்ச்சல் வந்ததா, கை வீங்கியதா என்பதையெல்லாம் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் அந்தப் பத்துப் பதினைந்து பேருக்காக நூறு பேரையும் திரும்ப உட்கார வைக்கிறோம், அரியர் தேர்வு மாதிரி. ஏற்கெனவே தேறியவருக்கு அதில் நஷ்டம் இல்லை. விட்டுப்போனவர்களில் பெரும்பாலோர் இம்முறை தேறிவிடுகிறார்கள்.

இந்தியாவில் தட்டம்மை ஊசி 1985-இல் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. இரண்டாம் தவணை சேர்ந்ததோ 2010-இல்தான். நடுவில் வளர்ந்த தலைமுறையில் ஒரே ஊசி போட்டு, அதுவும் பிடிக்காமல் போனவர்கள் நிறைய. அமெரிக்கா இதே பாடத்தை 1989 முதல் 1991 வரை படித்தது. அங்கே மூன்றாண்டில் 55,000-க்கு மேற்பட்ட நோயாளிகள், நூற்றுக்கு மேல் சாவு. அவர்களில் பலர் ஊசியே போடாத சின்னக் குழந்தைகள். ஆனால் பள்ளி, கல்லூரிகளில் ஒரு தவணை போட்டவர்களிடையேயும் பரவியதைப் பார்த்த பிறகுதான் 1989-இல் அங்கே இரண்டு தவணை வழக்கமானது.

இப்போது உங்கள் தெருப் பையன். இரண்டு தவணைக்குப் பிறகும் நூறில் மூன்று பேர் மிஞ்சுகிறார்கள் அல்லவா, அவன் அந்த மூவரில் ஒருவனாக இருக்கலாம். தடுப்பூசி அட்டையில் எழுதியிருந்தாலும் போட்ட மருந்து வெயிலிலோ சூட்டிலோ கெட்டுப்போயிருக்கலாம். இந்த ஊசி வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் ரொம்பவே பயப்படும். பொடியில் நீரைக் கலந்த பிறகு சில மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இன்னொன்று, அவனுக்கு வந்தது தட்டம்மைதானா? ருபெல்லா, டெங்கு, ரோசியோலா, மாத்திரை ஒவ்வாமை, எல்லாவற்றிலும் சிவந்த தடிப்பு வரும். ரத்தப் பரிசோதனையோ தொண்டைச் சளிப் பரிசோதனையோ செய்யாமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

"ஊசி போட்டவர்களுக்கே இத்தனை பேருக்கு வந்திருக்கிறதே" என்ற வாதத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. 1,000 பிள்ளைகள் படிக்கும் பள்ளி. 950 பேர் இரண்டு ஊசியும் போட்டவர்கள், 50 பேர் போடாதவர்கள். நோய் உள்ளே வந்து எல்லாரையும் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஊசி போடாத 50 பேரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வரும், அதாவது 45. ஊசி போட்ட 950-இல் நூற்றுக்கு மூன்று, அதாவது 28 அல்லது 29. மொத்த நோயாளிகளில் பத்துக்கு நாலு பேர் ஊசி போட்டவர்கள்! செய்தித்தாளில் இப்படித்தான் வரும். ஆனால் ஒரு பக்கம் 90 விழுக்காடு, மறுபக்கம் 3. ஊசி போட்டவர்கள் 990 பேர் என்று ஆக்கிப் பாருங்கள். அப்போது போடாதவர்களில் 9 பேர், போட்டவர்களில் 30 பேர். எல்லாரும் ஊசி போட்டுவிட்டால் வருகிற ஒவ்வொரு நோயாளியும் "ஊசி போட்டவர்" ஆகத்தான் இருப்பார். விகிதத்தைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஊசி நன்றாக வேலை செய்யச் செய்ய அது தோற்பதாகவே தெரியும்.

பாதுகாப்பு காலப்போக்கில் தேய்வதே இல்லையா என்றால், கொஞ்சம் தேய்கிறது. நோய் வந்து போனவர்களின் ஆன்டிபாடி அளவு ஊசி போட்டவர்களைவிட உயரம். ஊசி போட்டவர்களின் அளவு ஆண்டுகள் போகப் போக மெல்ல இறங்கும். ஊரில் நோயே இல்லாவிட்டால் இன்னும் இறங்கும். இங்கிலாந்தில் 2010 முதல் 2019 வரை வந்த தட்டம்மை நோயாளிகளை வைத்துச் செய்த ஒரு கணக்கீட்டில் ஊசியின் பாதுகாப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 0.04 விழுக்காடு தேய்வதாக வந்தது. தனி மனிதருக்கு அது ஒன்றுமே இல்லை. நாட்டில் பலர் ஊசி போடாமல் விட்டு நோய் திரும்பத் திரும்ப வந்துபோனால்தான் அந்தச் சின்ன ஓட்டை கண்ணுக்குத் தெரியும்.

எவ்வளவு ஆன்டிபாடி இருந்தால் போதும் என்பதற்கு 1985-இல் பாஸ்டனில் தற்செயலாக ஒரு பதில் கிடைத்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் ரத்ததான முகாம் நடந்தது. உடனே பின்னாலேயே அங்கே தட்டம்மை பரவியது. நோய்க்கு முன்பு எடுத்த ரத்தம் கைவசம் இருந்ததால், அதில் ஆன்டிபாடி அளவை அளந்து யாருக்கு நோய் வந்தது என்று ஒப்பிட முடிந்தது. ஆன்டிபாடி இருந்தும் அளவு 120-ஐத் தாண்டாத 9 பேரில் 8 பேருக்கு வந்தது. 120-க்கு மேல் இருந்த 71 பேரில் ஒருவருக்கும் முழு நோய் வரவில்லை. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. நடுத்தர அளவு இருந்தவர்களில் பலருக்கு லேசான காய்ச்சலோ இருமலோ இருந்ததாகச் சொன்னார்கள். சிலருக்கு ஆன்டிபாடி பல மடங்கு எகிறியிருந்தது. அதாவது கிருமி உள்ளே வந்திருக்கிறது, கொஞ்சம் பெருகியிருக்கிறது, அதற்குள் உடம்பு அடக்கிவிட்டது. 1,052-க்கு மேல் இருந்தவர்களிடம் ஆன்டிபாடி அப்படி எகிறவில்லை, காய்ச்சல், இருமல் சொன்னவர்களும் குறைவு. ஆகப் பாதுகாப்பு என்பது உண்டு, இல்லை என்ற இரண்டே நிலை கொண்டது அல்ல. முற்றிலும் தடுப்பது ஒரு படி. தொற்றினாலும் நோயாக விடாமல் நிறுத்துவது அடுத்த படி.

அந்த இரண்டாவது படியும் சறுக்கிய அரிய கதை ஒன்றும் இருக்கிறது. 2011-இல் நியூயார்க் நகரில், இரண்டு தவணை ஊசியும் போட்டிருந்த ஒரு இளம்பெண்ணுக்குத் தட்டம்மை வந்தது. அவரோடு பழகிய 88 பேரைத் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள். நாலு பேருக்குத் தொற்றியிருந்தது. அந்த நால்வரும்கூட இரண்டு ஊசி போட்டவர்கள், அல்லது முன்பு செய்த பரிசோதனையில் எதிர்ப்பாற்றல் இருப்பதாகத் தெரிந்தவர்கள். இரண்டு தவணை போட்டவர் மற்றவருக்குப் பரப்பியதாக உறுதியாகப் பதிவான முதல் நிகழ்வு அது. தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் இதை இத்தோடு நிறுத்திவிடுவார்கள். கதையின் மிச்சம்: அந்த நால்வரோடு பழகிய 231 பேரையும் தொடர்ந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் வரவில்லை. எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார், அவர் வெளியேறிய அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி மிதந்துகொண்டிருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தப் பூஜ்யத்தின் பொருள் புரியும். ஊசி போட்டும் நோய் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் காய்ச்சல் குறைவு, தடிப்பு சொற்பம், மற்றவருக்குக் கொடுப்பதும் அபூர்வம்.

இனி மாமியார் சொன்னதில் மறுபாதி. நோயால் வரும் எதிர்ப்பாற்றல் ஊசியால் வருவதைவிட ஒரு பிடி உசத்தி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிர்ப்பாற்றல் எதற்கு? தட்டம்மை வராமல் இருக்க. தட்டம்மையை வரவழைத்துத் தட்டம்மையைத் தடுப்பதில் என்ன லாபம் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். அப்படிப் பிழைத்து வந்தவர்களிடம் மட்டுமே நாம் கதை கேட்கிறோம் என்பது இன்னொரு சிக்கல். நல்ல மருத்துவ வசதி உள்ள நாட்டிலேயே நோய் வந்த 1,000 பிள்ளைகளில் 1 முதல் 3 பேர் இறக்கிறார்கள், இருபதில் ஒருவருக்கு நிமோனியா, ஆயிரத்தில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல். சத்துக்குறைவு உள்ள இடங்களில் இந்த எண்ணிக்கை பல மடங்கு. உலக அளவில் 2023-இல் மட்டும் ஏறக்குறைய 1,07,500 பேர் தட்டம்மையால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே.

பிழைத்தவர்களுக்கும் கணக்கு அத்தோடு தீர்வதில்லை. வைரஸ் குறிவைத்துத் தாக்கும் செல்களில் முக்கியமானவை மற்ற நோய்களை நினைவில் வைத்திருக்கும் செல்கள். 2013-இல் நெதர்லாந்தில், மத நம்பிக்கை காரணமாக ஊசி போடாத சமூகத்தில் தட்டம்மை பரவியது. நோய்க்கு முன்னும் பின்னும் 77 பிள்ளைகளிடம் எடுத்த ரத்தத்தைப் பிறகு ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தன. அதாவது தட்டம்மை தன்னைப் பற்றிய நினைவை ஆழமாகப் பதித்துவிட்டு, மற்றவற்றை அழித்துவிட்டுப் போகிறது. "அம்மை இறங்கின பிறகு பிள்ளை தேறவே இல்லை, அடிக்கடி சீக்கு" என்று நம் வீடுகளில் சொல்வதற்குப் பின்னால் இதுதான் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஊசி போட்ட பிள்ளைகளிடம் இந்த இழப்பைக் காணவில்லை.

அப்புறம் எஸ்.எஸ்.பி.இ. என்ற ஒன்று. தட்டம்மை வந்து நன்றாகத் தேறிய பிள்ளைக்கு, பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுகள் கழித்து, படிப்பில் தடுமாற்றம், கை கால் வெட்டி இழுப்பது என்று ஆரம்பித்து மூளை மெல்ல அழியும். குணப்படுத்த மருந்து இல்லை. கலிஃபோர்னியாவில் 1988–91 நோயலையை வைத்துக் கணக்குப் போட்டபோது, ஐந்து வயதுக்கு முன் தட்டம்மை கண்டவர்களில் ஏறக்குறைய 1,400 பேருக்கு ஒருவர், ஒரு வயதுக்கு முன் கண்டவர்களில் ஏறக்குறைய 600 பேருக்கு ஒருவர் என்று வந்தது. இந்த நோயாளிகளின் மூளையில் கிடைத்த வைரஸ் எல்லாம் இயற்கையாகச் சுற்றும் வகை. ஊசி வகை அல்ல.

நோயின் வழியாக எதிர்ப்பாற்றலை வாங்கினால் ஒரு நாடு என்ன விலை கொடுக்கும் என்பதற்குச் சமோவா சமீபத்திய உதாரணம். பசிபிக்கில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் வாழும் தீவு நாடு. 2018-இல் அங்கே எம்.எம்.ஆர். ஊசி போட்ட இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. செவிலியர்கள் ஊசிப் பொடியில் நீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மயக்க மருந்தைத் தவறுதலாகக் கலந்துவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. மருந்தில் பிழை இல்லை, கலந்ததில் பிழை. ஆனால் பயம் பரவிவிட்டது, அரசும் சில மாதங்கள் திட்டத்தையே நிறுத்தியது. முதல் தவணை போட்டவர்கள் 31 விழுக்காட்டுக்கு விழுந்தார்கள். 2019 கடைசியில் தட்டம்மை வந்தது. 5,700 பேருக்கு மேல் நோய், 83 சாவு, பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகள். டிசம்பரில் இரண்டு நாள் அரசு அலுவலகங்களை மூடிவிட்டு ஊழியர்களை வீடு வீடாக அனுப்பினார்கள். ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். ஊசி போட்டவர்கள் 95 விழுக்காட்டை நெருங்கியபோது நோய் அடங்கியது. அந்த 95 என்ற எண்ணைத்தான் உலகமெங்கும் இலக்காக வைக்கிறார்கள். இவ்வளவு வேகமாகப் பரவும் நோயை அதற்குக் கீழே நிறுத்த முடியாது.

நம் ஊரில் இதெல்லாம் நடக்காது என்று இருக்க வேண்டாம். 2022-இல் மும்பையில் கோவண்டி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தன. கொரோனா காலத்தில் விட்டுப்போன ஊசிகளும் ஒரு காரணம். 2019-இல் தட்டம்மையை ஒழித்த நாடு என்று சான்று பெற்ற இலங்கையிலேயே 2023-இல் மறுபடி வந்தது.

நோயால் வந்த எதிர்ப்பாற்றலுக்கு ஒரு நிஜமான அனுகூலம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தட்டம்மை கண்ட தாய், குழந்தைக்கு அதிக ஆன்டிபாடியைக் கொடுத்தனுப்புகிறாள். பெல்ஜியத்தில் அளந்து பார்த்தபோது, நோய் கண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு அது சராசரியாக நாலு மாதம் வரை நின்றது. ஊசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஒரு மாதம்தான். அதற்குப் பிறகு முதல் ஊசி வரை அந்தக் குழந்தைக்குச் சொந்தப் பாதுகாப்பு ஏதும் இல்லை. சுற்றி இருப்பவர்கள் நோயைக் கொண்டுவராமல் இருப்பது ஒன்றுதான் கவசம். பரவல் இருக்கும் பகுதிகளில் 6 மாதம் முடிந்ததும் ஒரு கூடுதல் ஊசி போடுவது இதனால்தான். அது கணக்கில் சேராது. ஒன்பதாம் மாதமும் பதினாறாம் மாதமும் வழக்கம்போலப் போட வேண்டும்.

ஊசியின் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். போட்ட ஆறாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், சிலருக்கு லேசான தடிப்பும் வரும். அது தட்டம்மை அல்ல, பரவாது. காய்ச்சலால் வலிப்பு வருவது அரிது, ரத்தத் தட்டணு தற்காலிகமாகக் குறைவது அதைவிட அரிது. ஆட்டிசம் விஷயம் 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் கிளப்பியது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்விலும் தொடர்பு ஏதும் இல்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் எம்.ஆர். முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் ஓடிய வதந்திகளைக் கண்டு எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இப்போது வாலிபர்கள். விட்டுப்போயிருந்தால் இப்போதும் போடலாம்.

உங்கள் சொந்தக் கேள்விக்கு வருகிறேன். சின்ன வயதில் அம்மை போட்டது என்ற வீட்டு நினைவை நம்பாதீர்கள். கொப்புளம் கொப்புளமாக வந்திருந்தால் அது சின்னம்மை. அது தட்டம்மைக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. சிவந்த தடிப்பு என்றாலும் ருபெல்லாவாக இருந்திருக்கலாம். ஆய்வகத்தில் உறுதியான பழைய நோய்க்குத்தான் மதிப்பு. வேண்டுமானால் ஆன்டிபாடி இருக்கிறதா என்று காட்டும் ஐ.ஜி.ஜி. ரத்தப் பரிசோதனை செய்யலாம். ஆனால் செலவையும் அலைச்சலையும் பார்த்தால் ஒரு எம்.எம்.ஆர். போட்டுக்கொள்வதே சுலபம். ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருந்து கூடுதலாக ஒன்று போட்டாலும் கெடுதல் இல்லை. கர்ப்பமாக இருப்பவர்களும், கீமோதெரபி போன்ற காரணங்களால் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களும் போடக் கூடாது, உயிருள்ள வைரஸ் என்பதால். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் போட்டுவிட்டு ஒரு மாதம் பொறுக்க வேண்டும். ரத்தப் புற்றுநோய்க்காக எலும்புமஜ்ஜை மாற்றிக்கொண்டவர்கள் ஊசியாலோ நோயாலோ வந்த பழைய பாதுகாப்பை இழந்திருப்பார்கள். எப்போது திரும்பப் போடலாம் என்று அவர்களின் மருத்துவரே சொல்வார்.

குழந்தைக்கு உடனடியாகச் செய்ய வேண்டியது: அந்தப் பையனோடு ஒரே வீட்டிலோ அறையிலோ இருந்ததா என்று பாருங்கள். தடிப்பு வருவதற்கு நாலு நாள் முன்னிருந்தே, வந்த பிறகும் நாலு நாள் வரை அவன் பரப்பியிருப்பான். தொடர்பு இருந்தால் சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். ஊசியே போடாதவருக்குத் தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் போட்டால் பல சமயம் நோயைத் தடுத்துவிடலாம். மிகச் சின்னக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலையில் இருக்கும் ஆன்டிபாடி மருந்து) கொடுக்கலாம். உங்கள் குழந்தைக்கு ஒரு தவணை ஆகி நாலு வாரம் கடந்துவிட்டால், தெருவில் பரவுகிற பட்சத்தில் அடுத்த ஊசியை முன்கூட்டியே போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூன்று நாளுக்கு மேல் கடும் காய்ச்சல், கண் சிவந்து நீர் வடிதல், கன்னத்தின் உட்புறம் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் என்று ஏதாவது தெரிந்தால் வேப்பிலை கட்டுவதோடு நிறுத்தாதீர்கள். வேப்பிலை இருக்கட்டும், ஆனால் பதினோரு மாதக் குழந்தைக்கு 1,00,000 யூனிட் வைட்டமின் ஏ அன்றைக்கே ஒன்று, மறுநாள் ஒன்று கொடுக்க வேண்டும். ஒரு வயது முடிந்திருந்தால் 2,00,000. இது நோயைத் தடுக்காது, பார்வை இழப்பையும் சாவையும் குறைக்கும். அளவு கூடினால் நஞ்சு என்பதால் கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்காமல் அரசு மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ கேட்டு வாங்குங்கள்.